மகள் கப்பலில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறாளாம், அனுப்பலாமா?

அமெரிக்காவில் உயிரியல் படிக்கும் மகள் திடீரென்று பாய்மரக் கப்பலில் ஒரு செமஸ்டர் படிக்கிறேன் என்கிறாள், இது படிப்பா உல்லாசப் பயணமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்புதான். கொஞ்சம் முதுகு ஒடியும் படிப்பு.

அவள் சொல்வது சீ செமஸ்டர் (SEA Semester). 1971-ல் தொடங்கி, இப்போது மாசசூசெட்ஸில் வுட்ஸ் ஹோல் என்ற ஊரில் இயங்கும் சீ எஜுகேஷன் அசோசியேஷனுடையது. முதலில் கரையில் வகுப்பு. ஆராய்ச்சிக் கேள்வியை அங்கேயே முடிவு செய்துவிட்டுத்தான் கடலேறுவார்கள். அவர்களுடைய ராபர்ட் சி. சீமன்ஸ் 2001-ல் கட்டிய 134 அடிக் கப்பல், உள்ளேயே ஆய்வகம் உண்டு. இந்த வகைக் கப்பல்களுக்கென்றே 1982-ல் அமெரிக்காவில் தனிச் சட்டம் வந்தது. அதன்படி மாணவர் பயணியும் இல்லை, மாலுமியும் இல்லை. அதனால் சும்மா உட்கார்ந்து அலையை வேடிக்கை பார்க்க முடியாது, நடுராத்திரி முறை வந்தாலும் எழுந்து பாய் இழுக்கணும், சுக்கான் பிடிக்கணும், சமையலறையில் கைகொடுக்கணும், வலையில் சிக்கிய சின்னஞ்சிறு மிதவை உயிர்களையும் பிளாஸ்டிக் துணுக்குகளையும் உட்கார்ந்து எண்ணணும். முன்னனுபவம் கேட்பதில்லை. முதல் இரண்டு மூன்று நாள் வாந்தி வரலாம், பெரும்பாலோருக்கு அப்புறம் சரியாகிவிடும்.

அந்த எண்ணிக்கை வீண்வேலை இல்லை. இப்படி 22 வருஷம் வலை இழுத்துச் சேர்த்த 6,136 மாதிரிகளை வைத்துத்தான் வட அட்லாண்டிக்கில் பிளாஸ்டிக் எங்கே குவிகிறது என்ற ஆய்வு 2010-ல் சயன்ஸ் இதழில் வந்தது.

வேலை? இந்த ஒரு செமஸ்டரை மட்டும் காட்டினால் யாரும் தரமாட்டார்கள். நோவா (அமெரிக்காவின் கடல், வானிலை ஆய்வு அமைப்பு) போன்ற அரசு அமைப்புகளின் வேலைகள் பெரும்பாலும் குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான், அதை நம்பி இறங்க வேண்டாம். ஆனால் தானே எடுத்த தரவைத் தானே அலசி அறிக்கை எழுதியவள் என்பது மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது நன்றாகவே எடுபடும். புள்ளியியல் பாடம் ஒன்றை முன்பே முடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

பணம் கட்டும் முன் ஒன்று. எத்தனை கிரெடிட், மேஜர் பாடத்தில் சேருமா, இப்போதுள்ள உதவித்தொகை இதற்கும் செல்லுமா என்று அவளுடைய கல்லூரியிடம் எழுத்தில் வாங்கட்டும், வாய்வார்த்தை போதாது. எஃப்-1 என்ற மாணவர் விசா என்றால் இன்னும் கவனம், கப்பல் வேறு நாட்டுத் துறைமுகத்தில் ஏற்றவோ இறக்கவோ செய்யலாம், கல்லூரி கொடுத்த ஐ-20 தாளில் பயணக் கையெழுத்தும் திரும்பி வருமளவுக்கு விசாவும் இருக்கிறதா என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பார்த்துவிட வேண்டும்.

விண்ணப்பக் கட்டுரையை அவளே எழுதட்டும், நீங்கள் திருத்த வேண்டாம்.