மட்டக்களப்பில் மருத்துவ விரிவுரையாளர் ஒருவர் ஆய்வு செய்யப் பழகுவது எப்படி?

வார்டும் வகுப்பும் போக நேரமில்லை, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, வார்டிலேயே தொடங்குங்கள்.

அறுவடைக் காலத்தில் வெல்லாவெளிப் பக்கமிருந்து பாம்புக்கடியோடு வருகிறவர்களை எடுத்துக்கொள்வோம். ‘பாம்புக்கடி பற்றிய ஆய்வு’ என்பது கேள்வியே இல்லை. ‘கடிபட்டு எத்தனை மணி நேரத்தில் விஷமுறிவு மருந்து ஏறியது, தாமதமானவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு கூடியதா?’ என்றால் அளக்கலாம். அப்புறம், உரிய அனுமதியோடு பழைய பி.எச்.டி. இருபதைப் புரட்டுங்கள் (பட்டமல்ல, நோயாளியின் வார்டுக் குறிப்புகள் உள்ள கட்டில் சீட்டு, Bed Head Ticket!). கடித்த நேரம் பலவற்றில் இருக்காது. நான் ஒரு ஆய்வைக் கைவிட்டதே இதனால்தான். ஆகவே பதிவுப் படிவத்தை முதலில் திருத்தி, இனி வருகிறவர்களிடம் சேகரிப்பதே மேல்.

ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியைத் தரவு சேகரிக்குமுன் எடுத்துவிடுங்கள், பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள். புள்ளியியல் தெரிந்தவரை மாதிரி அளவைக் கணக்கிடும்போதே கூப்பிடுங்கள். அவதானிப்பு ஆய்வென்றால் அத்தகைய ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று கூறும் ஸ்ட்ரோப் (STROBE) பட்டியலின் 22 அம்சங்களைத் திட்டமிடும்போதே பாருங்கள். மேற்கோள்களுக்கு ஸோட்டெரோ (Zotero) என்ற இலவச மென்பொருள் போதும்.

பட்டறைச் சான்றிதழ்களில் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. மாதம் ஒரு பின்னேரம் நாலு பேர் தேநீரோடு கூடி, ஒரு கட்டுரையின் ஆய்வுமுறைப் பகுதியை மட்டும் கிழிகிழியென்று கிழித்துப் பாருங்கள்.