பள்ளியும் வீடும் – ஒரு கடிதம், ஒரு பதில்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் மலேசியாவின் பினாங்கில், பயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு பிறையில், அடுக்குமாடியில். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். பகல் ஷிப்ட் என்றால் விடியற்காலை ஐந்தரைக்குத் தொழிற்சாலைப் பேருந்து வந்துவிடும். பாலத்தில் நெரிசலைக் கடந்து வீடு சேர இரவு எட்டரை ஆகும். கணவர் லாரி ஓட்டுநர். மகள் ஆறாம் ஆண்டு, மகன் நான்காம் ஆண்டு, இருவரும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். மாமியார்தான் அவர்களைப் பார்த்துக்கொள்கிறார்.

சென்ற மாதம் தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில், மகன் கணிதத்திலும் தேசிய மொழியான மலாயிலும் பின்தங்கியிருப்பதாக வகுப்பாசிரியை சொன்னார். என்ன செய்யலாம் என்று கேட்டேன். "வீட்டில் நீங்கள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் அம்மா, நாங்கள் எவ்வளவுதான் செய்வது?" என்றார். பிறகு மண்டபத்தில் பேசிய தன்முனைப்புப் பேச்சாளர் ஒருவர், பிள்ளையின் வெற்றியில் 80 விழுக்காடு வீடு, 20 விழுக்காடுதான் பள்ளி என்று அறிவியலே சொல்கிறது என்றார். அன்றிரவு எங்கள் வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பெரிய வாக்குவாதம். சம்பளம் வாங்குகிறவர்கள்தானே சொல்லித்தர வேண்டும் என்று பாதிப் பேர், பிள்ளையைப் பெற்றால் மட்டும் போதுமா என்று மீதிப் பேர். நான் எதுவும் எழுதவில்லை. ஆனால் தூக்கம் வரவில்லை.

வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். விட்டால் வீட்டுக் கடன் நிற்கும். இல்லையேல் இருவரையும் பிரத்தியேக வகுப்பில் (டியூஷனில்) சேர்க்கலாமா? உண்மையில் இது யாருடைய பொறுப்பு?

(பெயர் வெளியிட வேண்டாம்)
பிறை, பினாங்கு

*

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். முதலில் அந்த எண்பது விழுக்காட்டை ஒதுக்கிவைப்போம். அப்படியொரு கணக்கை எந்த அறிவியலும் தந்ததில்லை. இத்தகைய பேச்சுகளின் வேரைத் தேடிப் போனால் பெரும்பாலும் 1966-இல் அமெரிக்க அரசுக்காக ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் தலைமையில் தயாரான அறிக்கையில் போய் நிற்கும். ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்களை ஆராய்ந்த அவ்வறிக்கை, மாணவர்களின் அடைவில் காணப்படும் ஏற்றத்தாழ்வுகளைப் பள்ளியின் வசதிகளும் செலவும் விளக்குவதைவிடக் குடும்பப் பின்னணி கூடுதலாக விளக்குகிறது என்று சொன்னது உண்மைதான். ஆனால் அது ஒரு பள்ளிக்கும் மற்றொரு பள்ளிக்கும் இடையிலான வேறுபாட்டைத்தான் அளந்தது; பள்ளிக்கூடமே இல்லாத பிள்ளை என்ன ஆகும் என்பதை அது அளக்கவில்லை. அதைவிட முக்கியமாக, சிறுபான்மை இனத்துப் பிள்ளைகளின் அடைவு, பெரும்பான்மையினரைக் காட்டிலும், தாங்கள் படிக்கும் பள்ளியையே அதிகம் சார்ந்திருக்கிறது என்பதையும் அதே அறிக்கை கண்டறிந்தது. மேடைகளில் இந்தப் பகுதி மட்டும் ஏனோ விடுபட்டுப் போகிறது. நூல்கள் நிறைந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி சற்று ஏமாற்றினாலும் வீடு தாங்கிக்கொள்ளும். பகலெல்லாம் பெற்றோர் வேலைக்குப் போய்விடும் வீட்டின் பிள்ளைக்குப் பள்ளி ஏமாற்றினால் பிடித்துக்கொள்ள வேறு கொம்பு கிடையாது.

ஆகவே பொறுப்பை விழுக்காட்டால் பங்கிடுவதை விட்டுவிட்டு, எந்த வேலை யாருடையது என்று பார்க்கலாம். என் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்கிறேன்: பாடம் கற்பிப்பது பள்ளியின் வேலை. எழுத்துக்கூட்டிப் படிக்கவும், பின்னம் போடவும், மலாயில் ஒரு பத்தி எழுதவும் பிள்ளைக்குச் சொல்லித்தரும் கடமை பயிற்சி பெற்ற ஆசிரியருடையது. அதை "வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்" என்று ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியின் கையில் கொடுப்பது பொறுப்பைப் பகிர்வதாகாது, கைமாற்றிவிடுவதாகும். அது நடைமுறையில் எங்கே போய் முடியும் என்றால், பணம் உள்ள வீடு பிரத்தியேக வகுப்பை வாங்கிக்கொள்ளும், இல்லாத வீடு குற்ற உணர்ச்சியோடு படுத்துக்கொள்ளும்.

சென்ற ஆண்டு எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு வீட்டில் கண்டதைச் சொல்கிறேன். நான்காம் ஆண்டுப் பயிற்சி நூலில் ஒரு கேள்வி: 2⅓ என்ற கலப்புப் பின்னத்தைத் தகாப் பின்னமாக மாற்ற வேண்டும். அப்பா முப்பதுகளின் நடுவில் இருப்பவர். அவர் இடைநிலைப்பள்ளிக்குப் போன காலத்தில், கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போதிக்கப்பட வேண்டும் என்ற கொள்கை 2003-இல் வந்துவிட்டது. 2009-இல் அதைக் கைவிட அரசு முடிவெடுத்துப் படிப்படியாக விலக்குவதற்குள் அவர் பள்ளியை முடித்துவிட்டார். கேள்வியை இரண்டு முறை படித்தார், கைப்பேசியில் தேடினார், பிறகு தன் வழியில் 7/3 என்று சரியாகவே போட்டுக் காட்டினார். பையன் ஒத்துக்கொள்ளவில்லை. "டீச்சர் கட்டம் வரைஞ்சு நிழலாக்கித்தான் போடச் சொன்னாங்க" என்று அழிப்பானை எடுத்து அழித்துவிட்டான். அப்பாவுக்குக் கோபம், பையனுக்கு அழுகை, மணி பத்தரை. அந்த வீட்டில் அக்கறைக்குக் குறைவே இல்லை. ஆசிரியை அரை மணி நேரத்தில் செய்திருக்கக்கூடியதை ஒரு நல்ல தகப்பன் ஒன்றரை மணி நேரத்தில் கெடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்தப் பரிசோதனையை நாடே செய்துபார்த்தது. ஒரு கைப்பேசி, மூன்று பிள்ளைகள், வேலைக்குப் போயே தீர வேண்டிய அம்மா. அதன் பிறகும் கற்பித்தலை வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்கிறவர்களை எனக்குப் புரியவில்லை.

ஆசிரியை மீது கோபம் கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. இணையத்தில் பதிவேற்ற வேண்டிய தரவு, போட்டிகள், விழாக்கள், அவற்றுக்கான படங்கள், அறிக்கைகள் என்று அவர் நாள் எப்படிக் கரைகிறது என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையில் இருந்த காலத்தில் நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அவருடைய சுமைக்கான பதில் அமைச்சிடமும் கல்வி இலாகாவிடமும் இருக்கிறது, உங்களிடம் இல்லை. சங்கங்களின் பக்கமும் குறை உண்டு. 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பைக் கணக்கில் வைத்து இருநூறு ஆண்டுத் தமிழ்க்கல்வியை விழா எடுத்துக் கொண்டாடினோம். மண்டபம் கட்டவும் விருந்து நடத்தவும் நம்மால் கைகோத்து நிற்க முடிகிறது. மூன்றாம் ஆண்டில் சரளமாகப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன நடக்கிறது என்ற கேள்வி ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்று நான் பார்த்தது அரிது. மாணவர் எண்ணிக்கை 150-க்கும் குறைந்த பள்ளிகள் நம்மிடையே நிறைய. அங்கே ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் பாட்டியையும் தெரியும். அத்தகைய பள்ளியில் ஒரு பிள்ளை ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் போனால் அதற்குச் சமாதானம் சொல்வது கடினம்.

"பின்தங்கியிருக்கிறான்" என்பது தகவலே ஆகாது. ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும் இடைநிலைப்பள்ளி மூன்றாம் ஆண்டில் எழுதிய பி.டி.3 தேர்வு 2022-இலும் நீக்கப்பட்டன. மனப்பாடப் போட்டியாக அவை மாறியிருந்ததால் நான் அழவில்லை. ஆனால் அவை நீங்கியபின் எஞ்சிய பெரிய அரசுப் பொதுத்தேர்வு, பதினோரு ஆண்டுப் படிப்பின் முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வுதான். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் அதில் சான்றிதழே கிடையாது. இடைப்பட்ட காலம் முழுவதும் வீட்டுக்கு வருவது வகுப்பறை மதிப்பீட்டின் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலை. நான்காம் ஆண்டு முதல் கல்வியாண்டு இறுதித் தேர்வின் தரமும் (A, B போன்ற எழுத்து) உண்டு. எனினும் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்பதை ஓர் எழுத்து சொல்லாது. ஆறுக்கு மூன்று என்றதும் பாதி மதிப்பெண் என்று நினைத்துப் பெற்றோர் ஆறுதல் அடைகிறார்கள். மூன்று என்பது அறிந்து, புரிந்து, செய்யவும் முடிகிறது என்ற குறைந்தபட்ச நிலை. ஒன்றும் இரண்டும் அதற்கும் கீழே. இதை விளக்க வேண்டியது பள்ளி. கேட்க வேண்டியது நீங்கள்.

மறுபடியும் போய்க் கேளுங்கள். மகன் எந்தத் திறனில் நிற்கிறான், பெருக்கலிலா, வகுத்தலிலா, கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதிலேயா? எந்த ஆண்டிலிருந்து? பின்தங்கியவர்களுக்குத் தனியே சொல்லித்தரும் குறைநீக்கல் ஆசிரியர் அவனைப் பார்த்தாரா? அடுத்த இரண்டு மாதங்களில் பள்ளி என்ன செய்யப்போகிறது? பயிற்சி நூலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் ஷிப்டில் ஒரு வசதி உண்டு, வார நாள்களில் ஓய்வு விழும். தேர்ச்சி அறிக்கை நாளின் வரிசையில் ஐந்து நிமிடம் நிற்பதைவிட, முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுவது எவ்வளவோ மேல்.

இனி வீட்டின் பக்கம். இங்கே நம்மவர்களுக்குக் கசப்பாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு வயதான பிள்ளையைத் தொடக்கப்பள்ளியில் சேர்க்கத் தவறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்ற சட்டம் 2003 முதல் நடப்பில் உள்ளது. சேர்த்துவிடுகிறோம். அதன் பிறகு, அலோர் ஸ்டாரில் கல்யாணம் என்று இரண்டு நாள், தைப்பூசக் களைப்பு என்று ஒரு நாள், பள்ளி வேன் வரவில்லை என்று ஒரு நாள் நிறுத்திவைக்கிறோம். இரவு பதினொரு மணிக்கு அடுக்குமாடி நடைபாதையில் கைப்பேசி வெளிச்சத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் நான்காம் ஆண்டுப் பையன்களைப் பிறையிலும் பார்க்கிறேன், பட்டர்வொர்த்திலும் பார்க்கிறேன். மறுநாள் ஏழரை மணிப் பாடத்தில் அவர்களுக்கு எந்த ஆசிரியராலும் எதையும் கற்பிக்க முடியாது. தவறாமல் அனுப்புவது, நேரத்துக்குத் தூங்கவைப்பது, இரவில் கைப்பேசியை வாங்கி வைப்பது, பிள்ளையிடம் பேசுவது ஆகிய நான்கையும் பள்ளி செய்ய முடியாது. இவற்றுக்குப் படிப்பு வேண்டாம், பணமும் வேண்டாம். வீட்டில் யாராவது ஒருவர் உறுதியாக இருந்தால் போதும். உங்கள் வீட்டில் அந்த ஒருவர் உங்கள் மாமியார். அவரிடம் மகன் தினமும் தமிழ் நாளிதழில் ஒரு செய்தியை உரக்கப் படித்துக் காட்டட்டும். திக்கும் இடங்களை அவர் காது கண்டுபிடித்துவிடும்.

பெற்றோர் வேலைக்குப் போனால் பிள்ளை கெடும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்களைப் பள்ளி நடத்தக் கட்டாயப்படுத்திய காலத்தில், கங்காணியோ (மேற்பார்வையாளர்) கிராணியோ (எழுத்தர்) ஆசிரியராக இருந்த கொட்டகைகளில் படித்த பிள்ளைகளின் பெற்றோரும் விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தின் காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போனவர்கள்தாம். அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் மறுபடி பால்மரத்துக்கே, அதாவது ரப்பர் மரம் சீவவே, போனார்கள். அந்தத் தோல்வியைப் பெற்றோரின் ஷிப்டில் எழுதிவைப்பது அநியாயம் என்பதற்காகச் சொல்கிறேன். பள்ளி அப்படி இருந்தது.

உங்கள் கடிதத்தில் மகனைப் பற்றி நிறைய இருக்கிறது, மகளைப் பற்றி ஒரு வரிதான். எனக்கு அவளைப் பற்றித்தான் கவலை. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றுக்குப் போகும் அந்த மாற்றத்தில்தான் பொறுப்பு யாருடைய கையிலும் இல்லாமல் தரையில் விழுகிறது. பழைய பள்ளி அனுப்பிவைத்துவிட்டது. புதிய பள்ளிக்கு அவள் நூற்றுக்கணக்கானவர்களில் ஒருத்தி. கணிதமும் அறிவியலும் தமிழில் படித்தவள் திடீரென வேறு மொழியில் கேட்கிறாள். தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்குத் தயங்காமல் வந்த பெற்றோர் இடைநிலைப்பள்ளியின் வாசலைத் தாண்டக் கூசுகிறார்கள். 2009-இல் நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெற்றோர் வீட்டுப்பாடத்தில் உதவுவதால் தெளிவான பயன் தென்படவில்லை. படிப்பின் மதிப்பையும் தங்கள் எதிர்பார்ப்பையும் பிள்ளையோடு பேசி, அதை அவளுடைய வருங்காலத்தோடு இணைத்துக் காட்டிய வீடுகளில்தான் அடைவோடு வலுவான தொடர்பு இருந்தது. அதை இரவு எட்டரைக்கு மேல் சோறு பரிமாறிக்கொண்டும் செய்யலாம்.

வேலையை விடாதீர்கள். பிரத்தியேக வகுப்பு மகனுக்கு இப்போது வேண்டாம். இருபது பேரை உட்காரவைத்து அதே பயிற்சியை மறுபடி செய்யச் சொல்லும் வகுப்பு, இரண்டாம் ஆண்டில் விட்டுப்போன ஒன்றைத் திருப்பித் தராது. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் மகளுக்கு மலாய் ஒரு பாடத்துக்கு மட்டும், அதுவும் எழுதிக் கொடுத்ததைத் திருத்தித் தரும் ஆசிரியராகப் பார்த்து, இந்த ஆண்டு இறுதிவரை அனுப்புங்கள். அவளுடைய மலாய் அடைவுநிலை எத்தனை என்பதை இப்போதே கேட்டு வாங்குங்கள். மிகக் குறைவாக இருந்தால் படிவம் ஒன்றுக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிக்க வேண்டி வரலாம். அது அவமானமில்லை, ஆனால் ஜனவரியில் தெரிந்து அதிர்ச்சியடைவதைவிட இன்றே தெரிந்துகொள்வது நல்லது. ஆசிரியை என்ன சொன்னார் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்.