ஐபுபுரூஃபன் இன்னொரு மாத்திரை வேண்டவே வேண்டாம்

நொண்டும் 10 கிலோ நாய்க்கு நேற்றிரவு 400 மி.கி. ஐபுபுரூஃபன் (மனிதர்களுக்கான வலி மாத்திரை) கொடுத்தீர்கள், காலையில் இரண்டு முறை வாந்தி, அடுத்ததைக் கொடுக்கலாமா என்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். கிலோவுக்கு 40 மி.கி. உள்ளே போயிருக்கிறது, வயிற்றில் புண் வர இதுவே போதும். இரைப்பைச் சுவரைக் காத்து, சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்க்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற உடலிலேயே சுரக்கும் பொருளை இம்மருந்து தடுத்துவிடுகிறது. நாய் உடலில் நெடுநேரம் தங்கவும் செய்யும்.

உப்புநீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதற்கான நேரம் கடந்துவிட்டது, உப்பே நஞ்சாகும். இன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்: பாராசிட்டமால் கலந்ததா என்பது முக்கியம், அது கல்லீரலையும் சிவப்பணுக்களையும் தாக்கும். தார் போலக் கறுத்த மலம், வெளிறிய ஈறு, சிறுநீர் குறைவு தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். வலிக்கு ஸ்டீராய்டும் இப்போது கூடாது, புண் மோசமாகும்.