வாசகர் கேள்வி–பதில்: கைப்பேசியை மாற்ற எந்த வழிக்கு எவ்வளவு செலவு?

கேள்வி: அல்சூரில் பதினோரு ஆண்டுகளாகச் சிறிய மெஸ் ஒன்றை நடத்தி வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் 16,500 ரூபாய்க்கு வாங்கிய என் கைப்பேசியில் இப்போது மதியச் சாப்பாடு முடிவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. வாடிக்கையாளர் யுபிஐயில் அனுப்பிய பணம் வந்ததா என்று பார்க்கக்கூட முடிவதில்லை. மெமரி நிறைந்துவிட்டது என்ற அறிவிப்பும் தினமும் வருகிறது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பேட்டரி மாற்ற 2,200 ரூபாய் கேட்டார்கள். இன்னும் ஒன்றரை ஆண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்றும் சொன்னார்கள். என் மகள் 24,000 ரூபாய்க்குப் புதிய கைப்பேசி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாள். பழையதைக் கொடுத்தால் இணையக் கடையில் அதற்கு 3,100 ரூபாயும், எக்ஸ்சேஞ்ச் போனஸாக 1,500 ரூபாயும் தருவார்களாம். அந்த போனஸ் வேண்டாம் என்றால் வங்கி அட்டைக்கு 1,500 ரூபாய் தள்ளுபடி, அல்லது மாதம் 2,000 வீதம் 12 மாத ‘நோ காஸ்ட் இஎம்ஐ’. இம்மூன்றில் ஒன்றைத்தான் எடுக்கலாமாம். எஸ்.பி. ரோடு கடைக்காரர் ஒருவர் என் பழைய கைப்பேசியை 3,800 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகவும், இரண்டு ஆண்டு பழையதான உயர்ரகக் கைப்பேசி ஒன்றை 13,500க்குத் தருவதாகவும் சொல்கிறார். இவற்றில் எது சிக்கனம்?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: எல்லா விலைகளையும் விசாரித்து எழுதியிருப்பதால், உங்கள் எண்களைக் கொண்டே கணக்குப் போட முடிகிறது. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இன்று கையை விட்டுப் போகும் தொகையை மட்டும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம். வாங்கும் பொருள் எத்தனை மாதம் பாதுகாப்பாக உழைக்கும், அதன் முடிவில் விற்றால் என்ன கிடைக்கும் என்ற இரண்டையும் சேர்த்து, மாதத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்க்க வேண்டும். மெஸ்ஸில் கிரைண்டர் வாங்கும்போது நீங்கள் இப்படித்தான் பார்த்திருப்பீர்கள். கைப்பேசி என்று வரும்போது மட்டும் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

பேட்டரியிலிருந்து தொடங்குகிறேன். லித்தியம் அயனி பேட்டரி சார்ஜ் ஏற ஏறத் தேய்வது இயல்பு. ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி, நல்ல சூழ்நிலையில் 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும், 15ஆம் மாடல் முதல் 1,000 சுற்றுகளுக்குப் பிறகும், தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிள் நிறுவனமே கூறுகிறது. நாளுக்கு ஒரு முறை என்று கொண்டாலும் மூன்று ஆண்டுகளில் நீங்கள் ஆயிரம் முறைக்கு மேல் சார்ஜ் ஏற்றியிருப்பீர்கள். அடுப்படி வெப்பம் இந்தத் தேய்மானத்தை மேலும் விரைவுபடுத்தும். ஆகவே உங்கள் கைப்பேசி கெட்டுவிடவில்லை, அதன் ஒரு பாகம் தேய்ந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன். மெமரி நிறைவதற்கு வாட்ஸ்அப்பில் தானாக இறங்கும் வீடியோக்களே பெரும்பாலும் காரணம். தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்திவிட்டு, பழையவற்றை அழித்துப் பாருங்கள்.

பேட்டரி மாற்ற 2,200 ரூபாய். இன்று 3,800க்கு விற்கக்கூடிய கைப்பேசி, ஒன்றரை ஆண்டுக்குப் பின் 1,500க்குத்தான் போகும் என்பது என் மதிப்பீடு. அந்த 2,300 ரூபாய் இழப்பையும் செலவாகவே எழுத வேண்டும். மொத்தம் 4,500, 18 மாதத்தால் வகுத்தால் மாதம் 250 ரூபாய்.

இனிப் புதிய கைப்பேசி. பழையதை எஸ்.பி. ரோடில் 3,800க்கு விற்றுவிட்டு, வங்கி அட்டைத் தள்ளுபடியுடன் 22,500க்கு வாங்கினால் உங்கள் கையிலிருந்து 18,700 போகும். எக்ஸ்சேஞ்ச் வழியில் 24,000த்திலிருந்து 4,600 கழிந்து 19,400 போகும். போனஸ் என்ற சொல் எக்ஸ்சேஞ்சை இலாபமாகக் காட்டினாலும் உண்மையில் அதில் 700 ரூபாய் கூடுதலாகச் செலவாகிறது. இதிலும் இணையத்தில் காட்டிய மதிப்பு வீட்டு வாசலில் நிலைக்கும் என்று நம்ப முடியாது. சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் 5,200 என்று காட்டிய பழைய கைப்பேசிக்கு, எடுக்க வந்தவர் திரையில் மெல்லிய கோடு ஒன்றைச் சுட்டி 3,000 என்றார். புதியது கண்முன் இருந்ததால் மறுக்க மனம் வராமல் ஒப்புக்கொண்டோம். அந்த இடத்தில் மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் வரியாவது குறையும் என்று சிலர் நினைப்பதுண்டு. அப்படி இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் கைப்பேசிக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. ஜிஎஸ்டி விதிகளில் 27ஆம் விதி தரும் எடுத்துக்காட்டே கைப்பேசியைப் பற்றியதுதான்: பழையதைப் பெற்றுக்கொண்டு 20,000 ரூபாய்க்குத் தரப்படும் புதிய கைப்பேசி, எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் 24,000க்கு விற்கப்படுவதானால், அதன் மதிப்பு 24,000 என்றே கொள்ளப்படும். உங்கள் மகள் பார்த்திருக்கும் விலையும் அதே 24,000 என்பதால் சொல்கிறேன்: அதற்குள் ஏறத்தாழ 3,661 ரூபாய் வரி அடங்கியிருக்கிறது, பழையதைக் கொடுப்பதால் அதில் ஒரு ரூபாயும் குறையாது.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்தப் பெயரை நம்பிப் பணம் இழப்பவர்களின் கடிதங்கள் எனக்குத் தொடர்ந்து வருகின்றன. வட்டி இல்லாத கடனை எந்த வங்கியும் தருவதில்லை. வட்டி அளவுக்குக் கடை விலையில் முன்கூட்டியே தள்ளுபடி தர, வங்கி அந்த வட்டியைத் தவணையோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறது. சுழிய வட்டி என்ற பெயரில் வட்டியை மறைக்கும் இத்தகைய திட்டங்களை ஏற்க முடியாது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அதன் பிறகு வந்ததே இந்தத் தள்ளுபடி முறை. ஆண்டுக்கு 16 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், மாதம் 2,000 வீதம் 12 மாதம் கட்டும் 24,000 ரூபாயில் அசல் ஏறத்தாழ 22,044, வட்டி 1,956. இந்த வட்டிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டியாக 352 ரூபாய் உங்கள் கிரெடிட் கார்டு கணக்கில் தனியாக ஏறும். அதைக் கடை ஏற்காது. செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய் என்றால் அதற்கும் ஜிஎஸ்டி சேர்ந்து 235. ஆக 587 ரூபாய் கூடுதல். அதற்கு மேல், இதைத் தேர்ந்தெடுத்த அந்தக் கணமே 1,500 ரூபாய் வங்கித் தள்ளுபடியை இழக்கிறீர்கள். எல்லாம் சேர்த்துப் பழையதை விற்ற பணத்தைக் கழித்தாலும் 20,787 ஆகிறது. உடனே முழுப் பணம் கட்டுவதைவிட 2,087 ரூபாய் அதிகம். ஏறக்குறைய ஒரு பேட்டரியின் விலை. தவணை ஒன்று தவறினால் வரும் அபராதத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை.

புதியதை நான்கு ஆண்டு வைத்திருந்து கடைசியில் 3,500க்கு விற்பீர்கள் என்று கொண்டால், 22,500த்தில் அதைக் கழித்து 48 மாதத்தால் வகுக்க, மாதம் ஏறத்தாழ 396 ரூபாய் வருகிறது.

எஸ்.பி. ரோடில் சொன்ன 13,500 ரூபாய்க் கைப்பேசிதான் பார்வைக்கு மிக மலிவு. ஆனால் அதன் வயது இரண்டு. அதற்கு இன்னும் இரண்டு ஆண்டுக்கே பாதுகாப்பு அப்டேட் உண்டு என்றால், இடையில் பேட்டரிக்கு 2,500 ஆகும் என்றும் கடைசியில் 3,000க்கு விற்கும் என்றும் கொண்டு கணக்கிட்டால், 24 மாதத்துக்கு 13,000. மாதம் 542 ரூபாய். புதியதைவிட இதுவே கூடுதல்! அதே விலைக்கு, இன்னும் நான்கு ஆண்டு அப்டேட் பாக்கியுள்ள மாடல் கிடைத்து, அதே பேட்டரிச் செலவும் சேர்த்து, கடைசியில் 1,500க்கு விற்றாலும் மாதம் 302 ரூபாய்தான் ஆகும். ஆகவே பழைய கைப்பேசி வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். நிறுவனத்தின் இணையதளத்திலும் சரிபாருங்கள். 2023 அக்டோபரில் வந்த கூகுள் பிக்சல் 8க்கும், 2024 ஜனவரியில் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு ஆண்டு அப்டேட் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய பல மாடல்களுக்கு இந்தக் காலம் குறைவு. யுபிஐயில் நாள் முழுதும் பணம் வாங்கும் ஒருவர், அப்டேட் நின்றுபோன கைப்பேசியில் வங்கிக் கணக்கை வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே என் ஆலோசனை, பேட்டரியை மாற்றுங்கள் என்பதே. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலேயே மாற்றி, பில்லைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன் புகைப்படங்களையும் தொடர்பு எண்களையும் சேமித்துவிடுங்கள். பணம் வந்ததை அறிய, குரலில் அறிவிக்கும் சவுண்ட் பாக்ஸ் ஒன்றை மெஸ்ஸில் வைத்துக்கொண்டால், கைப்பேசியை அடிக்கடி எடுத்துப் பார்க்கும் தேவையும் குறையும். தவணைக்கென்று மாதம் 2,000 கட்டத் தயாராக இருந்தீர்கள் அல்லவா, அதில் 1,200ஐ மட்டும் வங்கித் தொடர் வைப்பில் போட்டு வாருங்கள். 18 மாதத்தில் வட்டி நீங்கலாகவே 21,600 சேரும்; பழையதை விற்றால் கிடைக்கும் 1,500உடன் 23,100. அப்போது இதே விலைக்கு இதைவிட நல்ல கைப்பேசியை ரொக்கமாக வாங்கலாம். மகள் தனக்கென்று ஒரு கைப்பேசி கேட்கிறாள் என்றால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: மெஜஸ்டிக் பக்கம் ஒரு கடையில் பழைய கைப்பேசி ஒன்றை 9,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். பில் கேட்டால் 18 விழுக்காடு, அதாவது 1,620 ரூபாய் கூடுதலாகும் என்கிறார்கள். பில் இல்லாமல் வாங்கலாமா?
— கல்லூரி மாணவர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: வாங்கக் கூடாது. அவர் சொல்லும் வரிக் கணக்கும் சரியில்லை. பதிவு பெற்ற வியாபாரி பழைய பொருளை வாங்கி விற்கும்போது, வாங்கியபோது கொடுத்த வரியைத் தான் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளாத (உள்ளீட்டு வரிவரவு எடுக்காத) நிலையில், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் ஜிஎஸ்டி கட்டினால் போதும் என்று ஜிஎஸ்டி விதிகளில் 32ஆம் விதியின் 5ஆம் உட்பிரிவு கூறுகிறது. அவர் 7,500க்கு வாங்கியிருந்தால் வித்தியாசம் 1,500. அதற்கு வரி 270 ரூபாய்தான்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து, அது திருட்டுப் பொருளாக இருப்பது. *#06# என்று அழுத்தினால் திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தக் கைப்பேசிக்கே உரிய அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைத் தட்டி 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். கறுப்புப் பட்டியலில் உள்ளது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் அந்தக் கடையை விட்டு வெளியேறிவிடுங்கள். திருடப்பட்ட கைப்பேசிகளின் ஐஎம்இஐ எண்ணை முடக்கும் மத்திய அரசின் அமைப்பு 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுவதும் செயல்படுகிறது. பிறர் புகாரால் அது முடங்கினால் உங்கள் 9,000 ரூபாயும் போய்விடும். பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கடையிலேயே பாருங்கள். இல்லையென்றால் ரீசெட் செய்தபின் கைப்பேசி திறக்காது.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் என் மகன் புதிய கைப்பேசியை இலவசமாகவே மாற்றிக்கொள்கிறான். நம் நாட்டில் ஏன் அப்படி இல்லை?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜெயநகர், பெங்களூரு

பதில்: உங்கள் மகனும் விலை கொடுக்கிறார், ஐயா, மாத பில்லுக்குள் அது கலந்திருக்கிறது. அங்கே முன்பு இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கைப்பேசியைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, மீதியை மாதக் கட்டணத்தில் தொலைபேசி நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. 2013 முதல் அது மெல்ல மாறி, கைப்பேசியின் விலையைத் தவணையாகப் பிரித்து, அந்தத் தவணையை ஒவ்வொரு மாதமும் பில்லில் வரவு வைக்கும் முறை வந்தது. ஏடி அண்ட் டி, வெரைசன் போன்ற நிறுவனங்களில் இந்த வரவு 36 மாதம் வரை நீள்கிறது. இடையில் வேறு நிறுவனத்துக்கு மாறினால் எஞ்சிய வரவு நின்றுபோய், பாக்கித் தவணை முழுவதையும் அவரே கட்ட வேண்டியிருக்கும். இங்கே நாமோ பெரும்பாலும் 28 நாள் ரீசார்ஜில் இருக்கிறோம், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்கிறோம். அப்படிப்பட்ட வாடிக்கையாளருக்கு 36 மாதத்துக்குக் கைப்பேசியை முன்பணமாகக் கொடுக்க எந்த நிறுவனமும் முன்வராது.