பதில்: தோட்டத் திடலும் மழைமரமும்

வணக்கம் சகோதரி. மழை பெய்தால் மூன்று நாள் உங்கள் தோட்டத்து (எஸ்டேட்) விளையாட்டுத் திடல் சேறாகக் கிடக்கிறது, ஊஞ்சலோரம் நிற்கும் மழைமரத்தை வெட்டிக் கார் நிறுத்த இடம் போடப் போகிறார்கள், யாரிடம் போவது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். லாட் எண்ணை (நிலத் துண்டின் எண்ணை) கொடுத்தால் நில அலுவலகத்தில் தேடிச் சொல்வார்கள். மலேசியாவின் 1965 தேசிய நிலச் சட்டம் 62ஆவது பிரிவின்படி பொதுத் திடலாக அரசிதழில் ஒதுக்கியிருந்தால், அறிவித்து விசாரணை நடத்தாமல் அதை ரத்து செய்ய முடியாது. இன்னும் தோட்டக் கம்பெனியின் கிராண்டிலேயே (நிலப் பட்டாவிலேயே) இருந்தால் நகராண்மைக் கழகம் கை வைக்கத் தயங்கும். அப்போது மேனேஜரிடம்தான் போக வேண்டும்.

மரத்தை இன்றைக்கே ஒரு கயிற்றால் அளந்துவிடுங்கள். சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் என்றால், 1976 நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி (அக்டா 172, அதாவது சட்ட எண் 172) உள்ளூர் மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பட்டுப்போன மரம், ஆபத்தான மரத்துக்கு விலக்கு உண்டு. அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள்.

தண்ணீர் தேங்குவது பற்றி மனு எழுதும் முன் மழையிலேயே குடை பிடித்து ஒரு சுற்று நடந்து பாருங்கள். எங்கள் திடலில் அப்படித்தான் கண்டுபிடித்தோம்: கோயில் பக்கக் கால்வாய் வாயில் செம்பனை மட்டையும் மண்ணும் அடைத்து, அதன்மேல் புல்லே முளைத்திருந்தது! பத்துப் பேர் சங்கூலோடு (மண்வெட்டியோடு) இறங்கினோம், ஒரு காலையில் வேலை முடிந்தது. அப்புறம், பள்ளத்தை நிரப்ப லாரி மண் கொட்டினால் மரத்தடியில் மட்டும் கொட்ட விடாதீர்கள். வேர் மூச்சடைத்து மரம் மெல்லப் பட்டுவிடும்.