ஸ்டில், ஹஸ்க்வர்னா, ஹோண்டா, ஈகோ… தோட்டக் கருவிகளில் எதை எடுப்பது? கேள்வி பதில்

பிரஷ் கட்டர் (புதர் வெட்டும் மெஷின்), செயின்சா (மரம் அறுக்கும் மெஷின்), புல்வெட்டி, பிளோயர் (இலை தழையை ஊதித் தள்ளும் மெஷின்) பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் எந்தக் கம்பெனிப் பொருளையும் விற்பவன் இல்லை. சின்ன இன்ஜின்களைக் கழற்றிப் பழுது பார்ப்பதுதான் என் வேலை. எனவே ஷோரூமில் மெஷின் எப்படி மின்னுகிறது என்பதை விட, மூன்றாவது வருடம் அது என் மேசைக்கு எந்த நிலையில் வருகிறது என்பதுதான் எனக்குத் தெரியும்.

கேள்வி: சார், செயின்சா வாங்கணும். ஸ்டில்லா, ஹஸ்க்வர்னாவா? ஒரே வரியில் சொல்லுங்க.

எதற்கு உங்கள் பக்கத்தில் நல்ல சர்வீஸும் உதிரிபாகமும் கிடைக்கிறதோ, அது.

கொஞ்சம் விரிவாகவும் சொல்லிவிடுகிறேன். ஸ்டில் 1926இல் ஜெர்மனியில் ஆரம்பித்த கம்பெனி. ஹஸ்க்வர்னா 1689இல் ஸ்வீடனில் துப்பாக்கி செய்யும் ஆலையாகத் தொடங்கி, 1959இல் செயின்சாவுக்கு வந்தது. இரண்டுமே காட்டில் மரம் அறுப்பவர்கள் நம்பிப் பிடிக்கிற மெஷின்கள். 'ஸ்டில்லுக்கு இழுவை, ஹஸ்க்வர்னாவுக்கு வேகம்' என்று ரசிகர்கள் சண்டை போடுவார்கள். செயினைச் சரியாகத் தீட்டி வைத்திருந்தால் அந்த வித்தியாசம் கைக்குத் தெரியவே தெரியாது. மழுங்கிய செயினோடு எந்த பிராண்டும் மரத்தூளைத்தான் கக்கும், சீவல் வராது.

பிராண்டை விட முக்கியமானது, அந்த பிராண்டுக்குள் நீங்கள் எந்த வரிசையை எடுக்கிறீர்கள் என்பது. இரண்டு கம்பெனிக்கும் வீட்டு உபயோகம், பண்ணை, தொழில்முறை என்று தனித்தனி வரிசை உண்டு. வீட்டு வரிசையில் இன்ஜினைச் சுற்றிப் பெரும்பாலும் பிளாஸ்டிக் கூடுதான் இருக்கும். தொழில்முறை வரிசையில் மெக்னீசியத்தில் செய்த கிராங்க் கேஸ், அதாவது இன்ஜினின் அடிக்கூடு, வரும். ஒருவர் ஸ்டில்லின் வீட்டு மாடலையும் இன்னொருவர் ஹஸ்க்வர்னாவின் தொழில்முறை மாடலையும் வைத்துக்கொண்டு 'எதுடா நல்லது' என்று வாதாடுவதைப் பார்க்கும்போது சிரிப்புதான் வரும். விழுந்த கிளைகளை அறுக்க மட்டும் என்றால் ஏறக்குறைய 30 சிசி உள்ள வீட்டு மாடலே தாராளம்.

கேள்வி: எக்கோ, ஷிண்டைவா பற்றி யாருமே பேசுவதில்லையே?

பேச வேண்டிய பிராண்டுகள்தான். எக்கோவைச் செய்த கியோரிட்ஸும் ஷிண்டைவாவும் 2008இல் ஒன்றுசேர்ந்து யமாபிகோ என்ற ஜப்பானிய கம்பெனி ஆயின. பிரஷ் கட்டரிலும் பிளோயரிலும் இவர்கள் இன்ஜின் உழைக்கும். சர்வீஸ் கிடைக்கும் இடத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

கேள்வி: பேட்டரி மெஷின்களில் 18, 20, 36, 40, 56 வோல்ட் என்று போட்டிருக்கிறார்கள். நம்பர் பெருசா இருந்தா பவர் அதிகமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. லித்தியம் செல் ஒன்றின் சாதாரண வோல்ட் 3.6. முழு சார்ஜில் 4ஐக் கொஞ்சம் தாண்டும். ஐந்து செல்லைத் தொடராக இணைத்தால் ஒரு கம்பெனி 5 × 3.6 என்று கணக்குப் போட்டு 18 வோல்ட் என்று எழுதும். இன்னொரு கம்பெனி 5 × 4 என்று போட்டு '20 வோல்ட் மேக்ஸ்' என்று எழுதும். மகிட்டாவின் 18 வோல்ட்டும் டிவால்ட்டின் 20 வோல்ட் மேக்ஸும் உள்ளே ஒன்றுதான். அதேபோல ஸ்டில் 36 என்று எழுதுவதும் ரியோபி 40 என்று எழுதுவதும் பத்து செல். ஈகோவின் 56 என்பது பதினான்கு செல், சாதாரணக் கணக்கில் 50.4 வோல்ட்.

சரி, அப்படியானால் எதை வைத்து ஒப்பிடுவது? வாட்-ஹவர். வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வருவது. 18 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 90 வாட்-ஹவர். அதே 5 ஆம்பியர்-ஹவர் 36 வோல்ட்டில் 180. பெட்ரோல் டேங்க் எத்தனை லிட்டர் என்று பார்ப்பது போலத்தான் இது. இதிலும் சிலர் உச்ச வோல்ட்டை வைத்துப் பெருக்கி எண்ணைக் கூட்டிக் காட்டுவார்கள், அதனால் எந்த வோல்ட்டை எடுத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிக வோல்ட்டால் பயனே இல்லை என்று அர்த்தமில்லை. 1000 வாட் இழுக்க 18 வோல்ட்டில் கிட்டத்தட்ட 55 ஆம்பியர் ஓட வேண்டும், 50 வோல்ட்டில் 20 போதும். கரண்ட் குறைந்தால் ஒயரும் செல்லும் சூடாவது குறையும். புல்வெட்டி, செயின்சா மாதிரி தொடர்ந்து இழுக்கிற வேலைக்கு 36 வோல்ட்டுக்கு மேல் போகச் சொல்வது அதனால்தான். வேலி கத்தரிக்கிற ஹெட்ஜ் டிரிம்மருக்கு 18 வோல்ட்டே போதும்.

கேள்வி: ஒரு கம்பெனி பேட்டரியை இன்னொரு கம்பெனி மெஷினில் மாட்ட அடாப்டர் விற்கிறார்களே, வாங்கலாமா அண்ணே?

வேண்டாம். சில கம்பெனிகளில் பேட்டரி அடிமட்டம் வரை இறங்காமல் நிறுத்தும் சர்க்யூட் பேட்டரிக்குள் இருக்கும். சிலவற்றில் மெஷினுக்குள் இருக்கும். அடாப்டர் வழியாகப் போனால் இரண்டு பக்கமும் அந்தக் காவல் இல்லாமல் போய்விடலாம். செல் ஒருமுறை அளவுக்கு மீறி இறங்கிவிட்டால், அப்புறம் சார்ஜரே அதை ஏற்காது.

அதிகாரப்பூர்வமாகவே ஒத்துப்போகிற ஜோடிகள் உண்டு. 'பவர் ஃபார் ஆல்' கூட்டணியில் போஷின் 18 வோல்ட் பேட்டரியும் கார்டெனா கருவிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தும். ரியோபி 1996இல் கொண்டுவந்த 18 வோல்ட் ஒன்-பிளஸ் அமைப்பை இன்றும் மாற்றவில்லை, இது பெரிய விஷயம். மறுபக்கம், ரியோபி தோட்டக் கருவிகளும் மில்வாக்கியும் ஒரே டிடிஐ குழுமத்திலிருந்து வந்தாலும் ஒன்றின் பேட்டரி மற்றதில் பொருந்தாது. மகிட்டாவின் 18 வோல்ட் எல்எக்ஸ்டியும் 40 வோல்ட் எக்ஸ்ஜிடியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆனால் ஒன்றின் பேட்டரி மற்றதில் உட்காராது. டிவால்ட்டின் 60 வோல்ட் ஃபிளெக்ஸ்வோல்ட் பேட்டரி 20 வோல்ட் கருவியில் ஓடும், 20 வோல்ட் பேட்டரி 60 வோல்ட் கருவியில் ஓடாது.

முதல் பேட்டரி மெஷினை வாங்கும்போதே அடுத்து வாங்கப்போகிற நான்கு கருவிகளையும் அந்த பிராண்ட் செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நிலம் பெரிசு. பெட்ரோலை விட்டு முழுசா பேட்டரிக்கு மாறிடலாமா?

காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கிறது. மகிட்டா 2022இல் பெட்ரோல் இன்ஜின் கருவிகள் தயாரிப்பதையே நிறுத்தியது. ஹோண்டா 2023இல் அமெரிக்காவில் பெட்ரோல் புல்வெட்டித் தயாரிப்பை முடித்துக்கொண்டது. கலிபோர்னியா 2024 மாடல் முதல் புதிதாக விற்கும் பெரும்பாலான சின்ன இன்ஜின் கருவிகளுக்குப் புகையே கூடாது என்று விதி போட்டது.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. சின்ன இன்ஜின் அதில் பெரும்பகுதியைச் சூடாகவும் புகையாகவும் வீணடிக்கும். மிஞ்சி ஒரு யூனிட் (1000 வாட்-ஹவர்) தேறினாலும் அது ஐந்து, ஆறு 180 வாட்-ஹவர் பேட்டரிக்குச் சமம். நாள் முழுக்கப் புதர் வெட்டுபவருக்கு இன்னும் பெட்ரோல்தான் வசதி. ஒரே மூச்சில் அரை மணி, முக்கால் மணி வேலை என்றால் பேட்டரி எடுத்துவிட்டுக் காதையும் மூக்கையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹோண்டா ஃபோர் ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரில் ஆயில் கலக்க வேண்டாம். ஸ்டில் 4-மிக்ஸும் ஃபோர் ஸ்ட்ரோக்தானே, அதில் மட்டும் ஏன் கலக்கச் சொல்கிறார்கள்?

இந்தக் குழப்பத்தால் கெட்டுப்போன இன்ஜின்கள் என்னிடம் வந்திருக்கின்றன, அதனால் கவனமாகப் படியுங்கள். ஹோண்டாவின் ஜிஎக்ஸ்25, ஜிஎக்ஸ்35 இன்ஜின்களில் ஆயிலுக்குத் தனி இடம் உண்டு. எப்படிச் சாய்த்தாலும் ஓடும். ஆனால் அந்த ஆயிலின் அளவு ஜிஎக்ஸ்25இல் வெறும் 80 மில்லி, ஜிஎக்ஸ்35இல் 100 மில்லி. கொஞ்சம் குறைந்தாலும் ஆபத்து, ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுத்தான் கயிறை இழுக்க வேண்டும்.

4-மிக்ஸில் வால்வு உண்டு, ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் உள்ளே எல்லாவற்றையும் நனைக்கிறது. வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துவிடும். விகிதம் 50க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. 40க்கு 1 என்றால் 25, 25க்கு 1 என்றால் 40. கண் மதிப்பில் ஊற்றாதீர்கள். 'கொஞ்சம் கூடப் போனால் நல்லதுதானே' என்பவர்களுக்கு: கரி படியும், பிளக் நனையும், சைலன்சர் அடைக்கும்.

கேள்வி: எனக்கு வயசு அறுபத்தைந்துக்கு மேல். கயிறை இழுக்கத் தெம்பு இல்லை. எந்த பிராண்ட், தம்பி?

பேட்டரி எடுத்துவிடுங்கள் அம்மா, பட்டனை அழுத்தினால் போதும். பெட்ரோல்தான் வேண்டும் என்றால் ஸ்டில்லில் எர்கோஸ்டார்ட் உள்ள மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங் பாதி வேலையைச் செய்துவிடும். தோளில் மாட்டும் பெல்ட்டோடு சேர்த்து எடை எவ்வளவு என்பதையும் கையில் தூக்கிப் பார்த்தே வாங்குங்கள்.

கேள்வி: பேர் தெரியாத பிராண்டில் 52 சிசி கிடைக்குது. ஸ்டில் எஃப்எஸ் 38 வெறும் 27 சிசி. இரண்டு மடங்கு பவரை விட்டுவிட்டு எதற்கு அது?

சிசி என்பது சிலிண்டரின் கொள்ளளவு, பவர் இல்லை. பவருக்குக் கிலோவாட் பாருங்கள். அதோடு, பல பெயர்களில் வரும் 43 சிசி, 52 சிசி பிரஷ் கட்டர்களில் பெரும்பாலும் இருப்பது இரண்டே வகைச் சீன இன்ஜின்கள், சிலிண்டர் விட்டம் 43 சிசியில் 40 மில்லிமீட்டர், 52 சிசியில் 44 மில்லிமீட்டர். ஸ்டிக்கர்தான் மாறும். இதில் ஒரு லாபமும் உண்டு: ஒரே சிசி என்றால் ஒரு பிராண்டின் கார்புரேட்டரும் பிஸ்டனும் பெரும்பாலும் இன்னொரு பிராண்டுக்குப் பொருந்தும். தானே கழற்றி மாட்டத் தெரிந்தவருக்கு இது மோசமான பேரம் இல்லை.

தெரியாதவருக்கு வேண்டாம் என்பேன், அதற்குக் காரணம் அதிர்வு. மேனுவலில் அதிர்வை மீட்டர்/நொடி² என்று போட்டிருப்பார்கள். ஐரோப்பிய விதியில் எட்டு மணி நேர வேலைக்கு 2.5ஐத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 என்பது உச்ச வரம்பு. அந்த எண்ணே அச்சடிக்காத மெஷினைத் தினமும் பிடித்தால் விரல் மரத்துப்போவதில் ஆச்சரியமில்லை.

கேள்வி: பிளோயரில் காற்றின் வேகம் பார்க்கணுமா, அளவு பார்க்கணுமா?

இரண்டையும் சேர்த்துச் சொல்லும் எண் ஒன்று உண்டு, தள்ளுவிசை, நியூட்டனில். அதைப் பாருங்கள். குழாயின் வாயைச் சுருக்கினால் எந்த பிளோயரும் வேகத்தை ஏற்றிக் காட்டும்.

கேள்வி: நல்ல பிராண்ட் என்று வாங்கினேன். சில மாதம் சும்மா வைத்தேன், இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை. ஏமாந்துட்டேனா?

இல்லை, பெட்ரோல் பழசாகிவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயஃப்ரம் என்ற ஜவ்வு விறைத்துப்போகும், துளை அடைக்கும். இது எல்லா பிராண்டுக்கும் பொது. வேடிக்கை என்னவென்றால், கார்புரேட்டர் செய்யும் ஜாமா கம்பெனி ஸ்டில் குழுமத்துடையது, ஆனால் அதன் கார்புரேட்டர் போட்டிக் கம்பெனி மெஷின்களிலும் இருக்கும். ஸ்டில்லின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோட்யூன் இரண்டும் காற்று-பெட்ரோல் கலவையைத் தானே சரி செய்யும், பழைய பெட்ரோலிலிருந்து காப்பாற்றாது. ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கமாட்டீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்து, தானே நிற்கும் வரை ஓடவிட்டு வையுங்கள். பேட்டரி என்றால் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில்.

கேள்வி: ரோபோ புல்வெட்டி?

ஹஸ்க்வர்னா 1995 முதல் செய்கிறது, அனுபவம் அதிகம். சின்னச் சின்ன பிளேடுகளால் தினமும் நுனியை மட்டும் கிள்ளும். முழங்கால் வரை வளர்ந்த புல்லில் விட்டுவிட்டுத் திட்டாதீர்கள். குழந்தைகள் விளையாடும் நேரத்தில் ஓட விடவும் கூடாது.

கேள்வி: செயின்சா, பிரஷ் கட்டர், ஹெட்ஜ் டிரிம்மர் மூன்றும் ஒரே பிராண்டிலேயே எடுக்கணுமா?

பேட்டரி என்றால் ஆமாம். பெட்ரோல் என்றால் அவசியமில்லை, ஆயில் கலவை விகிதம் ஒன்றாக இருந்தால் ஒரே கேனை வைத்துச் சமாளிக்கலாம், அவ்வளவுதான். செயினைக்கூட பிராண்ட் பார்த்து வாங்க வேண்டியதில்லை. பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு), டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணி) எண்ணிக்கை, கேஜ் (அந்தக் கண்ணியின் தடிமன்) மூன்றும் ஒத்துப்போனால் ஓரிகான் கம்பெனியின் செயின் பெரும்பாலான பார்களில் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) ஓடும். இந்த மூன்று விவரமும் பல பார்களில் பொறித்திருக்கும், போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.