மச்சத்தை எடுத்தாயிற்று, பயம் மட்டும் போகவில்லையே?

கேள்வி: என் வயது 42. கெண்டைக்காலில் இருந்த மச்சம் நிறம் மாறியதால் எடுத்துப் பரிசோதித்தார்கள். மெலனோமா என்ற தோல் புற்றுநோய், ஸ்டேஜ் 1ஏ, தடிமன் 0.4 மி.மீ., மேலே புண் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. பிறகு அந்த இடத்தைச் சுற்றி இன்னும் 1 செ.மீ. தோலை எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லையாம். கீமோ வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் இரவு மொபைல் டார்ச்சை வைத்துக்கொண்டு உடம்பு முழுக்கத் தேடுகிறேன். தூக்கமே இல்லை. “அதான் எடுத்தாச்சே” என்கிறார் கணவர். எனக்கு மட்டும் ஏன் இப்படி? என் மகளுக்கும் வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லை, அம்மா. இந்த நோய் வந்த பலருக்கும் ஆபரேஷன் நடக்கும்வரை ஒன்றும் தெரியாது. தையல் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடிக்கும். அதுவரை அடுத்து செய்ய ஒரு வேலை இருந்துகொண்டே இருந்தது. இப்போது “ஆறு மாதம் கழித்து” என்ற ஒன்றுதான் கையில் இருக்கிறது. அந்த வெற்றிடத்தைத்தான் டார்ச் வெளிச்சத்தில் நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் ரிப்போர்ட். மெலனோமாவில் எதிர்காலத்தைச் சொல்லும் முக்கியமான எண், அது தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான். நிணநீர்க் குழாய்களையும் ரத்தக்குழாய்களையும் எட்டினால்தான் அது வேறு இடத்துக்குப் போக முடியும். 0.8 மி.மீ.க்குக் கீழே, புண்ணும் இல்லையென்றால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. இந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 100-க்கு சுமார் 98 பேர் 10 ஆண்டுகள் கழித்தும் இந்த நோய்க்கு உயிரை இழப்பதில்லை. மீதமுள்ள அந்தச் சிறு வாய்ப்புக்காகத்தான் ஆறு மாத செக்கப். இரண்டாவது முறை வெட்டியதை ‘பரவியிருக்கிறது போல’ என்று நினைத்திருந்தால், அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். மெல்லிய மெலனோமாவுக்கு சுற்றிலும் 1 செ.மீ. எடுப்பது வழக்கமான நடைமுறை. ஸ்கேன் வேண்டாம் என்றதும் அலட்சியத்தால் இல்லை. இந்த நிலையில் ஸ்கேன் எடுத்தால் நோயைவிட, நோயே அல்லாத ஏதோ ஒரு புள்ளி தெரிவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதைத் துரத்திக்கொண்டு இன்னும் பத்து பரிசோதனை செய்ய நேரும்.

இனி இரவுத் தேடல். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான் என்பது எங்கள் கருத்து. பார்த்தவுடன் சில நிமிடம் நிம்மதி வரும். பார்த்தால்தான் நிம்மதி என்று மனம் பழகிவிடும்; மறுநாள் இன்னும் வேகமாக இழுக்கும். அதோடு, தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெதுவான மாற்றம் தெரியாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் ஒரே மச்சம் நேற்று பழுப்பு, இன்று கறுப்பு. நெறி கட்டியிருக்கிறதா என்று தொடை இடுக்கை அழுத்திக்கொண்டே இருந்தால், அழுத்தியதாலேயே வலிக்கும்.

ஆகவே மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், பகலில் பாருங்கள். குளித்த பிறகு, நல்ல வெளிச்சத்தில், ஆளுயரக் கண்ணாடியும் ஒரு கைக்கண்ணாடியும் போதும். 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வகிடு வகிடாகத் தலை, காதுமடல், முதுகு, தொடையின் பின்பக்கம், விரலிடுக்கு என்று ஒரே வரிசையில் போங்கள். உள்ளங்கை, உள்ளங்கால், நகம் இவற்றைத் தவறவிடாதீர்கள். நம்மைப் போன்ற மாநிற, கருநிறத் தோலில் மெலனோமா அங்கே வருவது அதிகம். நகப்பூச்சு இருந்தால் அன்று அழித்துவிடுங்கள். சந்தேகமான மச்சங்களுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, அதே வெளிச்சம், அதே தூரத்தில் போட்டோ எடுத்துவையுங்கள். அடுத்த மாதம் ஒப்பிட வேண்டியது அந்தப் போட்டோவோடுதான், நினைவோடு இல்லை. கடைசியாகத் தழும்பையும் தொடை இடுக்கையும் விரல் நுனியால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

தழும்பு அரிப்பதும், மரத்துப்போவதும், சிவந்து தடித்திருப்பதும் பல மாதங்கள் இருக்கலாம். அது ஆறும் விதம். தழும்பிலோ அதன் அருகிலோ புதிதாகக் கறுப்பு நிறமோ கட்டியோ வந்தாலும், மற்ற மச்சங்களைப் போலில்லாமல் ஒன்று மட்டும் தனித்து மாறிக்கொண்டே போனாலும், புண் மூன்று நான்கு வாரமாகியும் ஆறாவிட்டாலும், நகத்தில் கறுப்புக் கோடு அகலமானாலும், தொடை இடுக்கில் கெட்டியான, வலியில்லாத கட்டி இருந்தாலும் செக்கப் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே போன் செய்து முன்கூட்டியே நேரம் கேளுங்கள்.

நடுவில் பார்க்கத் தோன்றும், நிச்சயம் தோன்றும். அப்போது இடத்தையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிவிட்டு, பார்ப்பதைப் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். அந்த உந்துதல் ஏறும், பிறகு தானே இறங்கும். அடுத்த வாரம் அரைமணி நேரம் தள்ளுங்கள். முதல் சில நாள் பயம் கூடும்; அதைக் கண்டு கைவிட்டுவிடாதீர்கள். மாலையில் 15 நிமிடம் ஒதுக்கி, வரும் பயங்களை எல்லாம் அந்த நோட்டிலேயே எழுதுங்கள். ‘டாக்டரிடம் கேட்க வேண்டியவை’ மட்டும் தனிப் பக்கம். செக்கப்புக்கு முந்தின வாரம் தூக்கம் கெடும். அந்தப் பக்கம் அப்போது கைகொடுக்கும்.

கணவரிடம் “பயமாக இருக்கிறது” என்றால் அவர் சமாதானம்தான் சொல்வார், பாவம், வேறென்ன செய்வதென்று அவருக்கும் தெரியாது. “மாதம் ஒருமுறை என் முதுகைப் போட்டோ எடுத்துத் தாருங்கள், செக்கப்புக்குக் கூட வாருங்கள்” என்று கேளுங்கள்.

இப்படிச் செய்தும் தூக்கமின்மை தொடர்ந்தால், வேலையிலோ குழந்தையிடமோ மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். நோய் திரும்பும் பயத்துக்கென்றே பேச்சுவழிச் சிகிச்சைகள் உண்டு, நல்ல பலன் தருபவை. வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மகளைப் பற்றி: பெற்றோருக்கு வந்திருந்தால் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் வாய்ப்பு ஓரளவு கூடும், ஆனால் குழந்தைப் பருவத்தில் மெலனோமா மிக அரிது. அவளுடைய டாக்டரிடம் குடும்பத்தில் இது இருப்பதைச் சொல்லிவையுங்கள். உச்சிவெயிலில் நிழல், தொப்பி, முழுக்கைச் சட்டை; வெளியில் வெகுநேரம் இருந்தால் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. உங்களுக்கும் இதேதான். உங்கள் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யார் இருந்தாலும் ஒருமுறை தோல் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.